அண்ணி தலைவரானால்

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் அண்ணியைத் தலைவர் பதவிக்கு நிறுத்தப் போவதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். ஆனால் கூடவே, "அவ கையெழுத்துப் போட்டா போதும், மத்ததை நான் பாத்துக்குவேன்" என்றீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பொறுப்பு முழுக்க அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது, அண்ணா. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தணிக்கையில் கேள்வி எழுந்தாலும், தலைவரைப் பதவி நீக்குவதற்கான ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் கலெக்டர் விளக்கம் கேட்டாலும் நோட்டீஸ் அண்ணி பெயருக்குத்தான் வரும். வீட்டுக்காரர் சொன்னார், போட்டேன் என்று பதில் எழுத முடியுமா?

1996-ல் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, கணவருக்குப் பதிலாக வந்த பெண்கள் நிறையப் பேர். மறுக்கவில்லை. ஆனால் அதே தேர்தலில்தான் மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி கவுன்சிலரானார். தண்ணீரை விற்றுக் காசு பார்த்தவர்களை எதிர்த்து நின்றார். 1997 ஏப்ரலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். சும்மா கையெழுத்துப் போடுகிறவரைக் கண்டு யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை.

மேற்கு வங்கத்தில் நடந்த ஆய்வுகளையும் சொல்ல வேண்டும். பெண்கள் தலைவராக இருந்த ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டிருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: அடுத்தடுத்து இருமுறை பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், அப்புறம் நடந்த தேர்தல்களில் ஒதுக்கீடு இல்லாத பதவிகளுக்கும் பெண்கள் அதிகமாகப் போட்டியிட்டார்கள், ஜெயித்தார்கள். ஊர் பார்த்துப் பழகிவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் முன்னால் நின்றால் ஊர் யாரைப் பார்க்கும்?

தமிழ்நாட்டில் 2016-ல் பெண்களுக்கான ஒதுக்கீடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது. 2019-ல் அதன்படி தேர்தலும் நடந்தது. மறு வருடமே கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில், தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுக்கு அந்தச் சாதிச் சுமை இல்லை; ஆனால் அண்ணியின் நாற்காலியில் உட்காரப் போகிறவர் வெளியாள் இல்லை, நீங்கள்தான்.

அதனால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு அண்ணியே போகட்டும். தீர்மானப் புத்தகத்தை அவரே படித்துவிட்டுக் கையெழுத்திடட்டும். கிராம சபையில் நீங்கள் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, வேண்டுமானால் தெருவிளக்கு எரியவில்லை என்று கேள்வி கேளுங்கள்.

சரி, இவ்வளவு பேசினீர்களே, அண்ணிக்கு இதில் விருப்பமா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே? வேட்புமனு வாங்குவதற்கு முன்னால் அதைக் கேட்டு எழுதுங்கள். இல்லை, வேண்டாம். அவரையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கை