நாற்பது மாட்டுக் கணக்கு

நியூ பிளிமத், நியூசிலாந்து,
1895 ஜூன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கைக்கு இருமல் விட்டது. உன் மூன்று பக்கக் கடிதம் வந்து சேர்ந்தது. நிலம், வேலி, மாடு, பாலிலிருந்து க்ரீம் பிரிக்கும் செபரேட்டர் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். கையெழுத்தும் உன் அப்பாவுடையதைவிடத் திருத்தம். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. போகட்டும், முதலில் நிலத்தைப் பேசுவோம்.

பதிவகத்துக்கு நானே போய்ப் பார்த்தேன். ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம் நீ வாங்கப் பார்க்கிற அந்த நூறு ஏக்கர் முழு உரிமை நிலம்தான், குத்தகை இல்லை. ஆனால் அதன்மேல் ஓர் அடமானம் இருக்கிறது. விற்பவர் உன்னிடம் சொன்னாரா? அது தீர்ந்து பதிவேட்டிலிருந்து நீங்கும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு பென்னி கொடுக்காதே.

கடற்கரைப் பக்கம் மலிவு என்று எழுதினாயே, அது இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கென்று ஒதுக்கி, பப்ளிக் டிரஸ்டி என்ற அரசு அதிகாரி குத்தகைக்கு விடும் நிலம். 21 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது வாடகையை மறுபடி மதிப்பிடுவார்கள். உடையவர்கள் உயிரோடிருக்க வேறொருவர் கையெழுத்தில் கைமாறுகிற நிலம் அது. 1881இல் அவர்களுடைய பரிஹாகா கிராமத்துக்குள் அரசுப் படை புகுந்ததை நாம் மறந்திருக்கலாம், அவர்கள் மறக்கவில்லை. நீ வாங்கப்போகிற பக்கமும் 1865இல் அவர்களிடமிருந்து பறித்ததுதானே என்பாய். தெரியும். அதனால்தான் மலிவு மலிவு என்று வாய் ஓயாமல் சொல்லாதே என்கிறேன்.

999 வருடக் குத்தகைக்கு அரசு நிலம் நான்கு சதவீத வாடகையில் கிடைக்கிறதே என்பதும் சரி. கையிலிருக்கும் பணம் மாட்டுக்கு மிஞ்சும். ஆனால் அங்கே நிற்பது முழுக் காடு. வெட்டி, எரித்து, விதைத்து, வேலி போட்டு முதல் பால் காசைப் பார்ப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். கைக்குழந்தையோடு அந்தச் சேற்றுக்குள் மருமகளை அழைத்துப் போகாதே.

கடனுக்கு வருகிறேன். போன வருடச் சட்டப்படி அரசு குடியேறிகளுக்குக் கொடுக்கும் கடன்தான் உனக்கு நல்லது. வட்டி ஐந்து சதவீதம், அசலுக்கு ஒரு சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக 73 தவணை கட்டினால் முப்பத்தாறரை வருடத்தில் முடியும். நில மதிப்பில் ஐந்தில் மூன்று பங்குதான் தருவார்கள். அந்த மதிப்பு அரசு மதிப்பீட்டாளர் போடுவது, விற்பவர் சொல்லும் விலை இல்லை. அவர் 600 பவுண்டு என்று போட்டால் உனக்கு 360 கிடைக்கும், தவணை 10 பவுண்டு 16 ஷில்லிங். மீதி 240ம், அதற்குமேல் விற்பவர் கேட்கிற அதிகமும் உன் கைப்பணம். மாட்டின்பேரில் அரசு ஒரு காசு தராது. அதற்காக ஏலக்காரரிடம் மாட்டையே ஈடு வைத்து மாடு வாங்கினால், மாடு செத்தாலும் கடன் சாகாது. மே முடிந்து மாடு வற்றினால் ஆகஸ்டு வரை பால் ஆலையிலிருந்து காசு வராது என்பதையும் தவணைத் தேதியோடு சேர்த்துப் பார்.

நிலத்தை இந்த ஜூலையிலேயே, குளிர்கால மழையில், பின் எல்லைவரை நடந்து பார். கோடையில் எல்லா நிலமும் அழகுதான். ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்து மழை இங்கத்து மழை மாதிரி இல்லை. கொட்டகையிலிருந்து பாதைவரை மாடு எவ்வளவு ஆழம் புதைகிறது என்று பார். காட்டின் ஓரத்திலும் எரித்த சரிவுகளிலும் டூட்டு என்கிற நச்சுச் செடி முளைத்திருக்கிறதா என்று பார். பசியோடு வந்த மாடு அதன் தளிரைத் தின்றால் வலிப்பு கண்டு விழும். புது மாட்டை ஓட்டி வந்தால் முதலில் நல்ல புல்லில் வயிறு நிரம்ப மேயவிட்டு, அப்புறம்தான் அந்தப் பக்கம் விட வேண்டும். அடிமரம் பிடுங்கிய துண்டு எத்தனை ஏக்கர் என்றும் கேள். அடிமரம் நிற்கிற இடத்தில் புல் அறுக்கும் இயந்திரம் ஓடாது. காய்ந்த புல் போர் இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்டுகிற மாடு கன்று போடும்போது எலும்பும் தோலுமாக நிற்கும், அந்த வருடம் முழுக்கப் பால் தேறாது.

நாற்பது ஏக்கர் காடு நிற்கிறதே, அதை ஒரே வருடத்தில் வெட்டிப் போடாதே. குளிர்காலத்தில் முதலில் கொடியும் புதரும், பிறகு பெரிய மரம். எரிப்பது கோடையில், ஜனவரிக்குப் பிறகு, நன்றாகக் காய்ந்த பின். அரைகுறையாக எரிந்தால் கரிக்கட்டையும் இல்லை, மண்ணும் இல்லை, விதை விழ இடமே இருக்காது. நன்றாக எரிந்தால் மழை விழுந்து சாம்பல் இறுகுவதற்குள் காக்ஸ்ஃபுட் புல் விதையும் வெள்ளைக் குளோவர் விதையும் தூவிவிட வேண்டும். வேலி போட முடிகிற அளவுதான் வெட்டு.

வேலிக் கணக்கில் கம்பியைக் குறைத்துப் போட்டிருக்கிறாய். எட்டாம் நம்பர் கம்பி ஒரு அந்தருக்கு, அதாவது 112 ராத்தலுக்கு, ஐந்நூற்றுச் சொச்சம் கெஜம்தான் வரும். அரை மைலுக்கு ஏழு வரிசை என்றால் பன்னிரண்டு அந்தர் வேண்டும், நீ எட்டு எழுதியிருக்கிறாய். ஒன்பது அடிக்கு ஒரு வேலிக்கால் நட்டால் முந்நூறு கால். டோட்டாரா மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி மட்டும் வாங்கு. டாவா மரத்தைப் பிளந்து நட்டுத் தந்துவிட்டு டோட்டாரா விலை கேட்பார்கள். அது மண் மட்டத்தில் சீக்கிரமே உளுத்துவிடும். எல்லை வேலியில் பாதிச் செலவு பக்கத்து நிலக்காரருடையது, 1881 வேலிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வெட்கப்படாமல் கேட்டு வாங்கு. கேட்பதற்கு வெட்கம் உனக்கு என்னிடமிருந்து வந்ததில்லை.

கைச் செபரேட்டர் இப்போது வேண்டாம். ஆலை நாலு மைல்தான், பாலாகவே கொண்டுபோய்க் கொடு. கொழுப்பெடுத்த பால் திரும்பி வரும், கன்றுக்கும் பன்றிக்கும் ஆகும். பாதை மோசமாகி வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஆடாத தரையில் மட்டம் பார்த்து இறுக்கு. பால் கறந்த சூட்டோடு ஊற்று. கைப்பிடியைச் சொன்ன வேகத்துக்குக் குறைத்துச் சுற்றினால் க்ரீம் பாலோடு போய்விடும், உன் பணத்தைப் பன்றி தின்னும். கழுவுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளாதே. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் கொதிநீர். வாளி வாங்கும்போது உள்ளே விரலை விட்டு ஓரத்தைத் தடவிப் பார். ஈயம் சரியாக ஓடாத பொருத்தில் பால் தங்கிப் புளிக்கும், எத்தனை கழுவினாலும் போகாது.

கடைக்காரரிடம் வெண்ணெயைக் கொடுத்துவிட்டு மாவும் சர்க்கரையும் வாங்கி, கையில் காசே பார்க்காத காலம் போய்விட்டது. அப்போது காசு என்று கண்ணில் பட்டது காளான் வாங்கும் வணிகர் ச்சூ சோங் நம் காளானுக்குக் கொடுத்தது மட்டும்தான், உனக்கு நினைவிருக்கும். அவரே எல்தம் ஊரில் 1887இல் வெண்ணெய் ஆலை வைத்தார். இப்போது ஆலைகளில் பாலின் கொழுப்பை அளக்கும் பாப்காக் சோதனை வந்த பிறகு தண்ணீர் ஊற்றுகிறவனும் நல்ல பால் கொடுக்கிறவனும் ஒரே விலை வாங்க முடியாது. அமிலம் ஊற்றிச் சுழற்றினால் கொழுப்பு குழாயின் கழுத்தில் ஏறி நின்று கணக்குச் சொல்லும். ஆயிரம் ராத்தல் பாலில் நூற்றுக்கு நான்கு என்று காட்டினால் நாற்பது ராத்தல் கொழுப்பு. மூன்றரை என்றால் முப்பத்தைந்து. ஒரு நாளைக்கு ஐந்து ராத்தல் போயிற்று.

அந்த அரை எங்கே போகிறது தெரியுமா? மடியின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். ஒட்டக் கறக்காமல் விட்டால் அது மடியிலேயே நிற்கும். இன்றைக்குக் கொழுப்பு போகும், நாளாக ஆக மாடும் சீக்கிரம் வற்றிவிடும். ஒட்டக் கறக்க விரலில் பலம் வேண்டும். சின்னக் கை முதல் பாலை எடுத்துவிடும், கடைசிப் பாலை விட்டுவிடும்.

இப்போது உன் நாற்பது மாட்டைப் பார். அறுபது ஏக்கர் புல்லுக்கு நாற்பது தாங்காது, இருபது இருபத்தைந்துதான் தாங்கும், அது ஒரு பக்கம். நல்ல கைக்காரர் மணிக்கு எட்டு மாடு கறப்பார். நீ ஒருவனே என்றால் காலையில் ஐந்து மணி நேரம், மாலையில் ஐந்து. வசந்தத்தில் நூறு காலன் பால், ஆயிரம் ராத்தலுக்கு மேல் எடை. அதை வண்டியில் ஏற்றி ஆலை மூடுவதற்குள் சேர்க்க வேண்டும். கூலி ஆளுக்கு உன் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. மருமகள் கைக்குழந்தைக்காரி. அப்படியென்றால் யார் கறப்பது என்று போன கடிதத்தில் கேட்டேன். செபரேட்டரின் படம் வரைந்து அனுப்பியிருக்கிறாய்.

உன் மூத்த மகளுக்கு ஏழு முடிந்துவிட்டது. 1877 கல்விச் சட்டப்படி ஏழு வயதில் பள்ளிக்கூடம் கட்டாயம்.

கடைசிப் பால், கொழுப்பு, ஐந்து ராத்தல் என்று நான் சுற்றி வளைத்ததெல்லாம் இதற்குத்தான். நேராகச் சொல்ல எனக்கு வாய் இல்லை. சின்ன வயதில் பால் கறக்க உன்னை நாலு மணிக்கு எழுப்பியது உன் அப்பா என்று இத்தனை நாளும் வீட்டில் பேச்சு. எழுப்பியது நான். அவர் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டும் என்றுதான் சொல்வார். வகுப்பில் மேசைமேல் தலை வைத்துத் தூங்குகிறாய் என்று ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொன்னார், இரண்டு முறை. பையனுக்குப் படிப்பில் மனமில்லை என்று நான் பதில் சொன்னேன், நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். ராத்திரியில் விரல் மடங்காமல் அழுதபோது கொழுப்பைத் தடவிவிட்டு, காலையில் அதே கையில் வாளியைக் கொடுத்தேன். கணக்குப் பார்த்துத்தான் செய்தேன். எட்டு மாட்டுக்கு ஒரு ஆள் கூலி மிச்சம் என்று அந்தச் சிவப்பு நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். அதைக் கிழிக்கவும் இல்லை, உனக்குக் காட்டவும் இல்லை.

இருபது மாடு வாங்கு. சினை மாடாக, கன்று போட்டு இரண்டு மூன்று முறை கறந்ததாக. விலை பேசுவதற்கு முன் நீயே உட்கார்ந்து ஒட்டக் கறந்து பார். கறந்த பின் மடி துணிப்பை மாதிரி தொய்ய வேண்டும். கையில் கட்டி தட்டினால், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். மீதி இருபது மாட்டுக்கு வைத்த பணத்தில் ஒரு ஆளை வை. ஆகஸ்டிலிருந்து ஒரு பருவத்துக்கு வைத்தால் போதும். அந்தக் கூலியில் பாதி நான் அனுப்புகிறேன். இது கடன் இல்லை, வட்டி கேட்க மாட்டேன், உன் தங்கையிடமும் சொல்ல வேண்டாம்.

பதிலில் விலையெல்லாம் எழுத வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது. காலையில் யார் கறக்கப்போகிறார்கள் என்று மட்டும் எழுது.

திங்கட்கிழமை ரயிலில் ஒரு பெட்டி வரும், ஸ்ட்ராட்ஃபோர்டில் போய் வாங்கிக்கொள். மேலே மூத்தவளுக்குச் சிலேட்டும் காலணியும். காலணி ஒரு அளவு பெரிது, முனையில் கம்பளி அடைத்துக்கொள்ளச் சொல். வெண்ணெய் கடையும்போது சூடு பார்க்கிற தெர்மாமீட்டர் கம்பளி உறைக்குள் இருக்கிறது. பார்த்துப் பிரி.

உன் அம்மா