மொத்த யார்டை வைத்து முதலிடம் கொடுக்காதீர்கள்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். வரலாற்றின் தலைசிறந்த ரன்னிங் பேக்குகளை (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வீரர்களை) வரிசைப்படுத்தும் விளையாட்டுச் செய்தியாளர்களுக்கும் தொலைக்காட்சி விமர்சகர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் போடும் பட்டியல்களைக் கண்ணில் பட்டதும் படித்துவிடுகிற ரசிகன் நான். பல பட்டியல்களில் எனக்கு உள்ள குறை ஒன்றுதான். ஒருவர் பந்தோடு மொத்தம் எத்தனை யார்டு ஓடினார் என்ற கணக்கை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறீர்கள். நியாயங்களை அப்புறம் தேடுகிறீர்கள். அந்தக் கணக்கில் எம்மிட் ஸ்மித் 18,355 யார்டுடன் முதலிடம், வால்டர் பேட்டன் 16,726 யார்டுடன் இரண்டாமிடம், ஃபிராங்க் கோர் சரியாக 16,000 யார்டுடன் மூன்றாமிடம். கோர் நல்ல உழைப்பாளி. ஆனால் வரலாற்றிலேயே மூன்றாவது பெரிய ரன்னிங் பேக் அவர்தான் என்று எழுத உங்களில் யாருக்கு மனம் வரும்? மூன்றாமிடத்தைத் தீர்மானிக்க உதவாத எண் முதலிடத்தை மட்டும் எப்படித் தீர்மானிக்கும்?

ஜிம் பிரவுனைப் பாருங்கள். கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு 1957 முதல் 1965 வரை ஆடினார். அவர் வந்தபோது சீசனுக்கு 12 ஆட்டங்கள்தான், பிறகு 14 ஆனது. இன்று 17. ஒன்பது சீசனில் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. அதில் எட்டு சீசன்களில் லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். 118 ஆட்டங்களில் 12,312 யார்டு, அதாவது ஆட்டத்துக்கு 104.3. ஸ்மித்துக்கு இது 81 சொச்சம். பிரவுனிடம் பந்து தரப்பட்டது 2,359 முறை, ஸ்மித்திடம் 4,409 முறை. 1966-ல் முப்பது வயதில், ஒரு படப்பிடிப்புக்காக லண்டனில் இருந்தபோதே ஓய்வை அறிவித்துவிட்டார். அதற்கு முந்தைய சீசனிலும் அவர்தான் முதலிடம். இன்னும் ஆறு வருடம் ஆடாமல் போனதை அவருக்கு எதிராக எழுதுவது என்ன நியாயம்?

ஸ்மித் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உண்மையில், மொத்த யார்டுக் கணக்கு அவருக்கே அநியாயம் செய்கிறது என்றுதான் சொல்வேன். 1993-ல் சம்பளத் தகராறில் அவர் இல்லாமல் டல்லாஸ் கவ்பாய்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றது. அவர் திரும்பினார், அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. இரண்டு ஆட்டம் ஆடாமலும் அந்த சீசனின் அதிக யார்டு அவருடையதுதான். கடைசி லீக் ஆட்டத்தில், ஜயன்ட்ஸுக்கு எதிராக, தோள்பட்டை மூட்டு விலகிய நிலையிலும் கூடுதல் நேரம் வரை நின்று ஆடி ஜெயிக்க வைத்தார். அவர் பெருமையைச் சொல்ல அந்த ஒரு சீசன் போதும். கடைசியில் அரிசோனாவில் சேர்த்த யார்டுகளை எதற்கு இழுக்கிறீர்கள்?

பேரி சாண்டர்ஸ் விஷயத்தில் நீங்கள் எப்போதும் கேட்பது, 'என்ன ஜெயித்தார்?' என்பது. 1994 பிளேஆஃபில், அதாவது லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றில், கிரீன் பே அணிக்கு எதிராக 13 முறை ஓடி மைனஸ் ஒரு யார்டு எடுத்ததையும் மறக்காமல் குறிப்பிடுகிறீர்கள். சரி, அது நடந்ததுதான். ஆனால் ஸ்மித்துக்கு முன்னால் எதிரணியைத் தடுத்து நிற்கும் லைன்களில் லீகின் மிகச் சிறந்த ஒன்று வழி திறந்துவிட்டது. டிராய் எய்க்மன் பந்து வீசினார், மைக்கேல் இர்வின் பிடித்தார். சாண்டர்ஸ் ஆடிய டெட்ராய்ட் அணியிலோ, பத்து சீசனும் எதிரணி பாதுகாப்பின் முதல் கவலை அவர்தான். அப்படியும் 153 ஆட்டங்களில் 15,269 யார்டு, 1997-ல் மட்டும் 2,053. அப்போது முதலிடத்தில் இருந்த பேட்டனின் சாதனைக்கு 1,457 யார்டு பாக்கி இருந்தபோது விலகிக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியவர் மேரியன் மாட்லி. யார்டு கணக்கில் அவர் எங்கோ கீழே கிடக்கிறார்: 828 ஓட்டங்கள், 4,720 யார்டு. ஏன் அவ்வளவு குறைவு? 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. 1946-ல், என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக வந்த ஏ.ஏ.எஃப்.சி. லீகில், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் பயிற்சியாளர் பால் பிரவுன் அவரைச் சேர்த்துக்கொண்டபோது மாட்லிக்கு வயது 26. களத்தில் எதிரணியினர் ஆணி வைத்த பூட்ஸால் அவர் கைகளை மிதித்தார்கள். அந்த ஆண்டு மயாமி ஆட்டத்துக்கு அணி போனபோது, நிறவெறிச் சட்டங்கள் இருந்த ஃபுளோரிடாவுக்குப் போகாமல் அவரும் இன்னொரு கறுப்பின வீரரான பில் வில்லிஸும் பின்தங்கவேண்டி வந்தது. இத்தனைக்கும் நடுவில் அவருடைய சராசரி ஓட்டத்துக்கு 5.7 யார்டு, ஜிம் பிரவுனின் 5.2-ஐவிட அதிகம். அணி என்.எஃப்.எல்.லுக்கு மாறிய 1950-ல் பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 11 ஓட்டங்களில் 188 யார்டு எடுத்தார். அந்த சீசனில் என்.எஃப்.எல்.லிலேயே அதிக யார்டு அவருடையது.

ஓடாத நேரத்தில் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஓட்டோ கிரஹாமை நோக்கிப் பாய்கிறவர்களை முன்னால் நின்று தடுத்தவர் மாட்லிதான். எதிரணி பந்தைக் கையில் எடுத்தால் பாதுகாப்பில் லைன்பேக்கராகவும் நின்றார். இப்படித் தடுப்பதற்கு, அதாவது பிளாக் செய்வதற்கு, எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் இடம் இல்லை. அதனால் உங்கள் பட்டியலிலும் அதற்கு இடம் இல்லாமல் போகிறது. 2019-ல் லீகின் நூறாவது சீசனுக்காக நியமித்த தேர்வுக்குழு, மாட்லியைத் தன் 12 ரன்னிங் பேக்குகளில் சேர்த்தது. அதே குழு மார்ஷல் ஃபாக்கை விட்டுவிட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. 12,279 யார்டு ஓடியும் வீசிய பந்தைப் பிடித்து 6,875 யார்டும் எடுத்தவர் அவர்.

சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் இந்த விஷயத்தில் உங்களைவிட முன்னால் போய்விட்டது. கேல் சேயர்ஸ் ஆடியது 68 ஆட்டங்கள்தான், முழங்கால் அதற்குமேல் தாங்கவில்லை. 1977-ல் 34 வயதிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 78 ஆட்டங்கள் ஆடிய டெரல் டேவிஸை 2017-ல் சேர்த்தார்கள்.

என் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். பிரவுன் முதலில். அடுத்து பேட்டன்: 13 சீசனில் தவறவிட்டது ஒரே ஆட்டம். காய்ச்சலோடு வந்து மினசோட்டாவுக்கு எதிராக 275 யார்டு ஓடியவர், பிளாக் செய்வதிலும் சளைக்காதவர். மூன்றாவது சாண்டர்ஸ், நான்காவது மாட்லி, ஐந்தாவது ஸ்மித். இதில் நீங்கள் மறுக்க நிறைய இருக்கும், மறுத்து எழுதுங்கள். ஆனால் அடுத்த பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மொத்த யார்டைப் போடும்போது, எத்தனை ஆட்டங்கள், எத்தனை ஓட்டங்கள், சீசனுக்கு எத்தனை ஆட்டங்கள் நடந்த காலம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மாட்லியை முதல் பத்தில் சேர்க்காவிட்டால், அதற்கான காரணத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களை விடாமல் படிக்கும் ரசிகன்