ரீலோட் செய்தால் ஆர்டர் நிற்கிறது, இதற்குப் பெரிய சர்வர் எதற்கு?

சப்போர்ட் பிரிவுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறோம். எங்கள் ஆர்டர் தளத்தை எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான், மாதாமாதம் பராமரிப்புக் காசு வாங்குவதும் நீங்கள்தான். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் தீபாவளிக்குச் சீப்புச் சீடை, மனகோலம், தேன்குழல் என்று ஆர்டர் போடுகிற சமயம் பார்த்துத் தளம் படுத்துவிடுகிறது. பணம் கட்டப் போனால் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்று வருகிறது. உங்களைக் கூப்பிட்டால் எப்போதும் ஒரே பதில்: கூட்டம் அதிகம் சார், பெரிய சர்வருக்கு மாறுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன கூட்டம்? அது நிற்பதெல்லாம் உங்கள் ஆள் விலையை மாற்றி, தளத்தின் ஆப்பை ஓட்டுகிற டாம்கேட் மென்பொருளை நிறுத்தாமல், ஆப்பை மட்டும் அதில் ரீலோட் செய்த பிறகுதான். (எண்ணெய் விலை ஏறினால் முறுக்கு விலையை மாற்ற ஆப்பையே ரீலோட் செய்ய வேண்டியிருக்கிறதே, அந்த வயிற்றெரிச்சல் தனி.)

சென்னையில் ஜாவா வேலை பார்க்கிற என் தம்பி மகன் தளத்தின் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில், திறந்திருக்கிற இணைப்புகளைப் பட்டியலிடும் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' போட்டுக் காட்டினான். வரிசையாக எல்லாம் 'ஸ்லீப்', அதாவது சும்மா கிடக்கிறவை, வேலை செய்கிற கனெக்‌ஷன் ஒன்றிரண்டுதான். ஆப் கிளம்பும்போது ஹிகாரி பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளை முன்கூட்டியே திறந்து தயாராக வைத்திருப்பது) 10 கனெக்‌ஷன் திறக்கிறது, ரீலோடில் பழைய ஆப் போகும்போது அந்தப் பூலை யாரும் மூடுவதில்லை, புது ஆப் வந்து இன்னொரு 10 திறக்கிறது. மைஎஸ்கியூஎல் ஒரே சமயத்தில் வழக்கமாக அனுமதிப்பது 151. அப்படியென்றால் முதலில் திறந்த 10-ஐயும் சேர்த்து 14 ரீலோடில் 150 காலி, அடுத்ததற்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று.

சும்மா கிடக்கிற கனெக்‌ஷன் 8 மணி நேரத்தில் தானாகப் போய்விடும் என்று உங்கள் பொறியாளர் சொன்னார். போகாது சார். பழைய பூலின் த்ரெட் (பின்னணியில் ஓடுகிற வேலை) இன்னும் உயிரோடு இருக்கிறது, அது அரை மணிக்கு ஒரு முறை பழைய கனெக்‌ஷனை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து வைத்துக்கொள்கிறது, பிறகு எங்கே 8 மணி நேரம் ஆவது? த்ரெட் ஒன்றை ஆப் ஆரம்பித்துவிட்டு நிறுத்தாமல் போயிருக்கிறது என்று டாம்கேட் உங்கள் லாகிலேயே ஒவ்வொரு ரீலோடுக்கும் எச்சரிக்கிறது, யாராவது படித்தால்தானே. 151-ஐ 500 ஆக்கி வைத்தாலும் இதே கதைதான், கொஞ்சம் தள்ளி நடக்கும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. ஆப் நிற்கும்போது டாம்கேட் கூப்பிடுகிற கான்டெக்ஸ்ட் லிசனர் என்ற நிரல் பகுதியில் பூலை குளோஸ் செய்யுங்கள். இல்லாவிட்டால் பூலை டாம்கேட்டின் பொது ரிசோர்ஸாக வைத்து ஆப் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், அப்போது எத்தனை ரீலோட் ஆனாலும் பூல் ஒன்றுதான். சரிசெய்த பிறகு நாலைந்து முறை ரீலோட் செய்து, பிராசஸ்லிஸ்டில் எண்ணிக்கை ஏறவில்லை என்று எங்களுக்குக் காட்டுங்கள். அதுவரை விலை மாற்றினால் ரீலோட் வேண்டாம், கடை அடைத்த பிறகு டாம்கேட்டையே நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்புங்கள்.

அப்புறம், பெரிய சர்வருக்கு அனுப்பிய மதிப்பீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்கு நான் பணம் தரப்போவதில்லை. எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்று எழுத்தில் வேண்டும், போனில் வேண்டாம்.