துலாக்கொடியில் தொங்கும் எழுத்து: ஓர் அட்டை ஓவியருக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். உங்களை நான் நேரில் கண்டதில்லை. நூலின் உட்பக்கத்தில், 'அட்டை வடிவமைப்பு' என்பதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த பெயரை மட்டுமே அறிவேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியை நான். சென்ற மாதம் எங்களுக்கு வந்த புத்தகக் கட்டில், பதின்ம வயதினருக்கான அந்த மிகைபுனைவு நாவலும் இருந்தது. அதன் அட்டையைப் பற்றி உங்களுக்கே எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பின்னட்டையின் ஓரத்தில், கிணற்றுத் துலாவைத் தாங்கும் கம்பமான ஆடுகால் நிற்கிறது. அதிலிருந்து, நீர் இறைக்கும் ஏற்ற மரமான துலா சரிந்து எழுந்து, நூலின் முதுகைக் கடந்து, முன்னட்டையின் மேல்விளிம்புவரை நீள்கிறது. நுனியிலிருந்து இறங்கும் துலாக்கொடி, தலைப்பின் கடைசி எழுத்தான 'று'வின் காலோடு கலந்து, அப்படியே கிணற்றுக்குள் போய்விடுகிறது. கொடி எங்கே முடிந்து எழுத்து எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துத் தேடினேன், பிடிபடவில்லை. அலுமாரியில் நிறுத்தினால் முதுகில் ஒரு சரிந்த கோடு மாத்திரமே தெரியும். நூலை விரித்துக் கவிழ்த்து வைக்கும் பிள்ளைக்குத்தான் துலா முழுதாகக் கிடைக்கும்.

இந்த வகை நாவல் என்றதும் கோட்டை, வாள், டிராகன் என்று வரைந்துவிடுவது எளிது. நீங்களோ கதையை வாசித்து, அது நடக்கும் மண்ணையும் வாசித்திருக்கிறீர்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்க, அதைக் கிணறு வெட்டி அள்ளித்தான் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் செய்திருக்கிறோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை அறிந்து, அதில் போட்ட எலுமிச்சம்பழம் தொலைவில் கடலோரத்தில் உள்ள கீரிமலைக் கேணியில் மிதந்தது என்ற கதையையும் கேட்டு வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு, இன்னோர் உலகத்தின் வாசல் கிணற்றுக்குள் இருக்கிறது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கதாநாயகியின் முகத்தை நீங்கள் காட்டாததை மிகவும் விரும்பினேன். வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகக் கிணற்றுக் கட்டில் கைகளை ஊன்றிக் குனிந்து நிற்பவளை முதுகுப்புறமாகவே பார்க்கிறோம். நாவலை இரண்டு முறை வாசித்த பிறகும் அதற்குமேல் நான் எதையும் கவனிக்கவில்லை. தரம் எட்டில் படிக்கும் ஒரு மாணவிதான் நூலை என் மேசைக்குக் கொண்டுவந்து, "ரீச்சர், தண்ணிக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு றிபன் இல்லை" என்றாள். குனிந்து பார்த்தேன். நீரில் தெரியும் நிழலுருவின் தலைமயிர் அவிழ்ந்து கிடக்கிறது. சீருடையின் கழுத்துப்பட்டியும் இல்லை. கதையின் கடைசிப் பகுதியில் வெளிப்படும் இரகசியத்தை முகப்பிலேயே எழுதிவைத்து, அதை வாசித்து முடிக்கும்வரை எவர் கண்ணிலும் படாமல் காத்திருக்கிறீர்கள். பிள்ளைகளின் கண்ணை இவ்வளவு மதித்து வரையப்பட்ட அட்டையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தந்தையார் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். அவருடைய காலத்தில் அட்டைக்கு இரண்டு நிறம் கிடைத்தாலே பெரிய காரியம். அச்சிட்ட தாளை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. திரையில் ஒளிரும் நீலம் நாலு நிற அச்சுக்குப் போகும்போது மங்கிவிடும். மஜெந்தா என்னும் செவ்வூதா மை சற்றுக் கூடினாலும் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். உங்கள் கிணற்று நீரோ, சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே உச்சி வெயில் விழும்போது தெரியும் அந்தப் பச்சை கலந்த நீலமாகவே இருக்கிறது. அடியாழத்துக் கறுப்பும் சாம்பல் பூக்காமல், பார்க்கப் பார்க்க உள்ளே இழுக்கிறது. கறுப்பு மைக்கு அடியில் சயான் என்னும் நீல மையையும் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு குறையையும் உரிமையோடு சொல்கிறேன். பின்னட்டைக் கதைச்சுருக்கத்தை அந்தக் கறுப்பின் மேல் மெல்லிய வெள்ளை எழுத்தில் விட்டிருக்கிறீர்கள். சுற்றியுள்ள மை பரவியதால் 'ஞ', 'ண' ஆகியவற்றின் சுழிகள் பல இடங்களில் அடைபட்டுப் போயின. அடுத்த பதிப்பில் எழுத்தைச் சற்றுத் தடிப்பாக்கி, வரிகளுக்கு இடையிலும் கொஞ்சம் இடம் விட்டால் நல்லது. எங்கள் எழுத்துக்கு மேலே 'கி', 'கீ' போன்றவற்றின் விசிறியும் கீழே காலும் இருப்பதால் நெருக்கம் தாங்காது.

எங்கள் நூலகத்தில் புது நூல்களுக்கெல்லாம் மண்ணிறத் தாளில் உறை போடுவதே வழக்கம். இந்த நூலுக்கு மட்டும் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் உறை வாங்கிப் போட்டேன். இலக்கத் துண்டை முதுகின் அடியில் ஒட்ட வேண்டும் என்பது ஒழுங்கு. ஆனால் அங்கேதான் துலா முதுகைக் கடக்கத் தொடங்குகிறது. ஆகையால் துண்டை மேலே, கோடு படாத இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு நூலகப் பொறுப்பாசிரியை,
யாழ்ப்பாணம்.