அண்ணனுக்கு, முப்பத்தாறாவது அறையைப் பற்றி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சண்டைக்கலை வகுப்பை மூடிவிட்டதாக அண்ணி சொன்னார். ஏன் என்று கேட்கப்போவதில்லை. உன் முழங்காலும் எனக்குத் தெரியும், அந்தக் கட்டடக்காரரும் எனக்குத் தெரியும். ஜூலை 20, புரூஸ் லீ நினைவு நாள் அன்று, அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அதே கையோடு பூட்டிவிட்டாயாம். நீ செய்யக்கூடியவன்தான். ஆனால் அந்தக் குங்ஃபூ பட வீடியோ கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போவதாகவும் சொன்னார். போடாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் "சரி பாப்பா, சாப்பிட்டாயா" என்று முடித்துவிடுவாய். இங்கே எல்லாரும் பார்க்க எழுதினால் உன் மாணவர்களில் நாலு பேராவது படித்து உன்னிடம் காட்டுவார்கள். அவர்கள் படிப்பார்கள் என்பதாலேயே சிலவற்றை விழுங்கியும் எழுதுகிறேன்.

போன மாதம் உன் மருமகள் என் போனில் 'ஷாவோலினின் 36ஆவது அறை' பார்த்துக்கொண்டிருந்தாள். 1978இல் வந்த படம், எனக்கே பழையது. ஹாங்காங் ஷா பிரதர்ஸ் நிறுவனத்துப் படப்பிடிப்பு அரங்கின் சுவர்கள் அரங்கின் சுவர்களாகவே தெரிகின்றன. டப்பிங்கில் வாய் ஒரு பக்கம் போகிறது, வசனம் ஒரு பக்கம் போகிறது. அரை நிமிட வீடியோவையே தள்ளிவிட்டுப் பார்க்கிற பெண், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இடத்தை விட்டு நகரவில்லை.

கவனித்தேன். எதிரிகளை அடிக்கும் காட்சிகளில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். கோயிலுக்குள் நடக்கிற பயிற்சியில்தான் வாயைப் பிளந்தாள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக, தண்ணீரில் மிதக்கும் கட்டையை மிதித்துத் தாண்ட வேண்டும். நாயகன் கோர்டன் லியூ விழுகிறார். திரும்பவும் விழுகிறார். மற்ற சாமியார்கள் சாப்பிடப் போகிறார்கள், இவர் நனைந்துகொண்டு நிற்கிறார். "மாமா சொல்லிக்கொடுத்தால் நானும் தாண்டுவேன்" என்றாள். அவ்வளவுதான். எனக்கு நம் விருதுநகர் மொட்டைமாடி நினைவுக்கு வந்துவிட்டது.

அன்று காலை. முந்தின இரவு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்திருந்தோம், மூன்று கேசட். அம்மாவுக்காக எடுத்த சாமி படத்தை முதலில் ஓட்டி அவளைத் தூங்க வைத்துவிட்டு, நீ இதைப் போட்டாய். விடிந்ததும் இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு மாடிக்குப் போனாய். படத்தில் கோர்டன் லியூவின் மேற்கையில் கத்திகளைக் கட்டியிருப்பார்கள். கையை இறக்கினால் விலாவில் குத்தும், அதனால் கையை நீட்டியபடியே தண்ணீர் சுமக்க வேண்டும். கத்திக்கு எங்கே போவது? விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, கூர் சீவி, அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டிக்கொண்டாய். முடிச்சு போட்டது நான். குடத்தை நிரப்பியது நான். வாரத்தில் எப்போதோ வருகிற குழாய்த் தண்ணீர், அதற்கு அம்மாவிடம் அடி வாங்கியதும் நான். நீ நடந்தாய், நான் எண்ணினேன். உன் விலாவில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் விழுந்தன. நீ அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

நீ குளிக்கப் போனபோது அந்தக் குச்சிகளை நான் கட்டிக்கொண்டேன். ஒரு கைக்கு முடிச்சைப் பல்லால் இழுத்தேன். பாதிக் குடம் தண்ணீர்தான். கையை நீட்டி, அம்மியிலிருந்து தொட்டி வரைக்கும் போனேன். திரும்பும்போது நீ படியில் நின்றிருந்தாய், தலையில் துண்டோடு. திட்டவில்லை. பக்கத்தில் வந்து முடிச்சை அவிழ்த்தாய், வலிக்காமல், ஒவ்வொன்றாக. "கை ஒடிந்தால் யார் உன்னைக் கட்டுவார்கள்? நீ எண்ணு, போதும்" என்றாய்.

அவ்வளவு மெதுவாக நீ அவிழ்த்திருக்கக் கூடாது. அடித்துப் பிடுங்கியிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன்.

அப்பா கொன்றுபோட்டிருப்பார் என்பாய். சரி. அப்பா பேச்சு வரும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். சித்தியும் இதைப் படிக்கிறார்.

அந்தப் படத்தின் இயக்குநர் லாவ் கார்-லியூங்கின் குருபரம்பரையை நீ தேவாரம்போல் ஒப்பிப்பாயே. குங்ஃபூ ஆசான் வோங் ஃபெய்-ஹுங்கிடம் லாம் சாய்-விங், அவரிடம் லாவ் சாம், அவருடைய மகன் இவர் என்று. அதே மனிதர்தான் 1981இல் காரா ஹுய்யை நாயகியாக வைத்து 'மை யங் ஆன்டி' எடுத்தார். முதலாவது ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை விருது அதற்காக அவருக்குத்தான் போயிற்று. அந்தக் கேசட் உன்னிடம் இருந்ததா? என் கண்ணில் படவில்லை.

சண்டை போடும் நடிகைகளில் செங் பெய்-பெய்யை மட்டும் காட்டினாய். 1966இல் கிங் ஹூ எடுத்த 'கம் டிரிங்க் வித் மீ'. சத்திரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவளைச் சுற்றி ரவுடிகள் வருகிறார்கள். அவள் எழுந்திருக்கக்கூட அவசரப்படவில்லை. நான் வாயடைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அது நடனக்காரி, சண்டைக்காரி இல்லை" என்றாய். அவர் நடனம் பயின்றவர் என்பது உண்மைதான். நீ சொன்ன தொனி வேறு.

அதே செங் பெய்-பெய் 2000இல் ஆங் லீயின் 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் ஜேட் ஃபாக்ஸாக வருகிறார். குரு அவளை எதற்கெல்லாமோ அருகில் வைத்துக்கொண்டார், வித்தையை மட்டும் தரவில்லை. அவள் அவருக்கு விஷம் வைத்துவிட்டுச் சுவடியை எடுத்துக்கொண்டு ஓடியவள். எல்லாரும் அவளை வில்லி என்கிறார்கள். எனக்கு அவள்மேல் கோபம் வரவே இல்லை. பயப்படாதே, உன் காபியில் நான் எதையும் கலக்கப்போவதில்லை.

பின்னாளில் உன் வகுப்பில் பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். வெள்ளைச் சீருடையில் அவர்கள் வரிசையாக நிற்கிற போட்டோவைப் பெருமையாக அனுப்பினாய். நான் பதில் போடவில்லை. ஆண்டு விழாவுக்கும் வரவில்லை. வேலை இருந்தது என்று அண்ணியிடம் சொன்னேன், வேலையும் இருக்கத்தான் செய்தது. நீ வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மன்னித்துக்கொள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த வரிசையைப் பார்த்துக் கைதட்ட என்னால் முடிந்திருக்காது, அண்ணே.

இந்தப் படங்கள் ஏன் சாகவில்லை என்று உன் மாணவர்கள் கேட்டால் வேகம், உயரம், உதை என்று சொல்லியிருப்பாய். உதையை இப்போது கணினியில் இதைவிட உயரமாகச் செய்துவிடுகிறார்கள், யாருக்கும் மறுநாள் நினைவிருப்பதில்லை. மற்றப் படங்களில் நாயகன் பலசாலியாகவே வந்து நிற்கிறான். இங்கே சோற்றுக்கே வழியில்லாமல் தண்ணீரில் விழுகிறவன் வருகிறான். கேமரா தள்ளி நின்று அவன் முழு உடம்பையும் காட்டுகிறது, அவன் எத்தனை தடவை விழுகிறான் என்பதை மறைப்பதில்லை. குடம் தூக்கத் தயாராக இருக்கிற எவருக்கும் கதவு உண்டு என்று அந்தப் படம் சொல்கிறது. நம் வீட்டில் அதை நம்பினவர்கள் இரண்டு பேர். குடம் கிடைத்தது ஒருவருக்கு.

படத்தின் முடிவை நீ கவனித்தாயா என்று எனக்குப் பல வருடங்களாகச் சந்தேகம். 35 அறைகளையும் முடித்தவனிடம், எந்த அறைக்குத் தலைவனாக விருப்பம் என்று கேட்கிறார்கள். அவன் இல்லாத ஓர் அறையைக் கேட்கிறான், கோயிலுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குக் கற்றுத்தர. படத்தின் பெயரே அந்த அறைதான். நீ குடக் காட்சி முடிந்ததும் ரீவைண்ட் செய்துவிடுவாய்.

கேசட்டுகளில் பூஞ்சை பிடித்திருக்கும், ஓடாது என்று அண்ணி சொல்கிறார். பரவாயில்லை, ஓட்டுவதற்காகக் கேட்கவில்லை. எண்ணினவளுக்கும் அதில் பங்கு உண்டு. லாரியில் போட்டுவிடாதே, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன் மருமகளும் வருகிறாள். தாய்மாமன் சீர் என்று நகைக்கடைக்கெல்லாம் போகாதே, இப்போது உன்னால் முடியாது என்றும் தெரியும், வேண்டவும் வேண்டாம். காலை மடக்க முடியாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடு. குடம் நாங்கள் கொண்டுவருகிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். முடியுமா, முடியாதா என்று சனிக்கிழமை இரவுக்குள் சொல்லிவிடு. சாப்பிட்டாயா என்று கேட்காதே.

பாப்பா