அட்ரோபின் ஊசியும் நூலை அறுக்கிற அட்ரோபோஸும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரேக்கப் புராணத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். எக்கோ, அட்லஸ், பேனிக் என்று நாம் தமிழில் பேசும்போதே வாயில் வந்து விழுகிற சொற்களுக்குப் பின்னால் இத்தனை கதை இருப்பதைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் சொல்லுக்கு ஒரு வரி என்று முடித்துவிட்டீர்கள், மருந்துப் பெயர் ஒன்றுகூட இல்லை. 30 வருடம் செவிலியராக இருந்த எனக்கு அது பெரிய குறையாகவே பட்டது.

அட்ரோபினை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் எங்கள் கை முதலில் போவது அதற்குத்தான். வாயில் நுரை தள்ளும், வியர்த்து ஊற்றும், கண்பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும். ஒரு ஆம்பியூலில், அதாவது ஊசிமருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில், 0.6 மில்லிகிராம்தான், ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து எத்தனையோ உடைக்க வேண்டிவரும், கண்ணாடி கீறி விரலில் ரத்தம் வந்ததைக்கூட விடிந்த பிறகுதான் கவனித்திருக்கிறேன். நெஞ்சில் நீர்ச்சத்தம் அடங்கி, நாடித்துடிப்பு ஏறுகிற வரை கட்டிலை விட்டு நகர மாட்டோம்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிரேக்கர்களுக்கு விதி என்பது மூன்று சகோதரிகள். க்ளோதோ உயிர் என்கிற நூலை நூற்கிறாள், லாகெசிஸ் அதை அளக்கிறாள், அட்ரோபோஸ் அறுக்கிறாள். யார் கெஞ்சினாலும் மனம் மாறாதவள், பெயருக்கே 'திருப்ப முடியாதவள்' என்றுதான் அர்த்தம். பெல்லடோனா என்கிற கொடிய நச்சுச்செடிக்கு அட்ரோபா என்று அவள் பெயரையே 1753-ல் தன் நூலில் வைத்தார் தாவரவியலாளர் லின்னேயஸ். பிறகு அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அட்ரோபின் ஆனது. நூலை அறுக்கிறவளின் பெயர் கொண்ட மருந்தை ஏற்றித்தான் அத்தனை பேரின் நூல் அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்! அன்றைக்கே என்னோடு வேலை பார்த்த அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கடும் வலியை அடக்குகிற மார்ஃபினும் அப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து அதைப் பிரித்தெடுத்த ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர், மார்ஃபியஸ் பெயரால் மார்ஃபியம் என்று அழைத்தார். மார்ஃபியஸைத் தூக்கத்தின் கடவுள் என்று பலரும் எழுதுகிறார்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதோ வேறு: அவன் தூக்கத்தின் மகன், கனவில் மனித உருவம் எடுத்து வருகிறவன். புற்றுநோய் வலியில் துடித்த ஒரு பெரியவர் மார்ஃபின் போட்டுக் கண்ணயர்ந்து எழுந்து, "என் வீட்டுக்காரி வந்துட்டுப் போனாம்மா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது.

அப்புறம் ஒரு திருத்தம். கிரேக்கக் கதையில் உலகத்துத் துன்பங்களையெல்லாம் திறந்துவிட்ட பெண் பண்டோரா. அவள் திறந்தது பெட்டி என்று போட்டிருந்தீர்கள். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெஸியோட் பாடியது பெட்டியை இல்லை, பித்தோஸ் என்கிற தாழியை. எண்ணெய், தானியம், ஒயின் எல்லாம் போட்டு வைக்கிற பெரிய மண்தாழி அது. 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்கிற அறிஞர் லத்தீனில் எழுதும்போது அதைச் சின்னப் பெட்டியாக மாற்றிவிட்டார், அதுவே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. பெட்டி என்று படித்தால் ஏதோ நகைப்பெட்டி போலத் தோன்றுகிறது, தாழி என்றால் நம் பாட்டி வீட்டில் பார்த்தது கண்முன் வருகிறது. துன்பமெல்லாம் பறந்துபோன பிறகு நம்பிக்கை மட்டும் அந்தத் தாழியின் விளிம்புக்குக் கீழே தங்கிவிட்டதாம். தமிழில் எழுதும்போதாவது அதைத் தாழி என்றே எழுதலாமே.

சுகாதாரத்தைக் குறிக்கிற ஹைஜீன் என்கிற சொல்லும் மருத்துவக் கடவுள் அஸ்கிலேபியஸின் மகள் ஹைஜியாவிடமிருந்து வந்ததுதான். கை கழுவச் சொல்லி வார்டில் தினமும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம், யார் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது நர்சிங் படிக்கிற பிள்ளைகள் உங்கள் இதழைப் படிக்கிறார்கள், என் பேத்தியும் ஒருத்தி. மருந்துப் பெயர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பகுதி போடுங்கள், ஒரு இதழுக்கு ஒரு பெயர் போதும், கதையை முழுசாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை