சேர்க்கைப் பதிவேடுகளைப் படிக்கத் தாருங்கள்: ஆவணக் காப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனின் பழைய பார்வையற்றோர் பள்ளிகளின் பதிவேடுகளைக் காத்துவரும் காப்பகத்தாருக்கு வணக்கம்.

என் மாமியாரின் கொள்ளுத்தாத்தா 1858-இல் பிறந்தவர், பார்வையற்றவர், வட இங்கிலாந்தில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். குடும்பத்தில் எஞ்சியிருந்த செய்தி இவ்வளவே. மிச்சத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினோம். 1851 முதல் அந்தப் படிவத்தில் பார்வையற்றவரா என்றொரு கேள்வி இருந்தது பேருதவியாயிற்று. 1871-இல் அவர் பள்ளி விடுதியில் 13 வயது மாணவர். 1881-இல் ஆர்கன் இசைஞர். 1891-இல் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். அந்த ஆண்டு மட்டும் பார்வைக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் கேட்கவில்லையோ, வீட்டார் சொல்லவில்லையோ.

அக்காலப் பார்வையற்றோர் பள்ளிகளில் பல பிள்ளைகள் கூடை முடையத்தான் கற்றார்கள். மருத்துவர் ஆர்மிட்டேஜும், தாமே பார்வையற்றவரான இசை ஆசிரியர் கேம்பெல்லும் 1872-இல் லண்டன் அப்பர் நார்வுட்டில் பார்வையற்றோருக்காகத் தொடங்கிய ராயல் நார்மல் கல்லூரி, இசையையும் சுருதி சேர்ப்பதையும் பிழைப்புக்கான தொழிலாகவே பயிற்றுவித்தது. எங்கள் முன்னோரோ அதற்கு ஐந்தாண்டு முன்பே வேறொரு பள்ளியில் சேர்ந்துவிட்டவர். அவரை இசைப் பக்கம் திருப்பியது யார் என்றறிய, அப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு எழுதினோம்.

மருத்துவ விவரம் இருப்பதால் 100 ஆண்டு மூடல் விதி, அதாவது அத்தகைய பதிவுகளை நூறாண்டு வரை யாருக்கும் காட்டாத விதி, தடுக்கிறது என்று பதில் வந்தது. 1867-இல் எழுதிய பக்கத்துக்கு என்ன தடை? அதே தொகுதியின் கடைசிப் பக்கங்கள் 1930-களைத் தொடுகின்றனவாம். அதனால் தொகுதி முழுவதற்கும் பூட்டு. மேலும் இரு கடிதங்களுக்குப் பிறகு அந்த ஒரு பக்கத்தின் ஒளிப்படம் வந்தது.

விழித்திரை நோயால் பார்வை மங்கிவரும் என் மாமியார், திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டே படிக்கிறார். கோப்பைத் திறந்ததும் அது சொன்ன ஒரே சொல், "படம்". பிறகு அந்தச் சாய்ந்த கையெழுத்தை எழுத்துக் கூட்டி நான்தான் படித்துக் காட்டினேன். பெயர், வயது 9, ஊர். கட்டணம் செலுத்தியவர்கள், வறியோர் நலச் சட்டத்தின்படி அமைந்த உள்ளூர்ப் பாதுகாவலர் குழுவினர். பார்வை போன காரணம், பெரியம்மை. தம் கண் நோய் அவர் வழியாக வந்ததோ என்று பல ஆண்டுகளாக உள்ளுக்குள் கலங்கியிருந்தவர், அந்தச் சொல்லை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இசையைப் பற்றி அப்பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. ஆனால் கட்டணம் கட்டியவர் யாரெனத் தெரிந்ததால், அக்குழுவின் கூட்டக் குறிப்புகளில் இனித் தேடலாம்; பள்ளி அனுப்பிய முன்னேற்ற அறிக்கை ஏதேனும் அங்கே பதிவாகியிருக்கக் கூடும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். மூடல் விதியைத் தொகுதிக்கு அல்லாமல் பக்கத்துக்குப் பக்கம் கணக்கிடுங்கள். திறந்துவிட்ட பக்கங்களுக்குப் பெயர் அகரவரிசை ஒன்று தயாரித்து, படத்தோடு தட்டச்சு செய்த எழுத்து வடிவத்தையும் இணைத்து வெளியிடுங்கள். பார்வையற்ற பிள்ளைகளைப் பற்றிய பதிவேட்டைப் பார்வையற்ற வழித்தோன்றல் படிக்க முடியாமலிருப்பது எனக்குச் சற்றும் பொருத்தமாகப் படவில்லை. ஆள் பற்றாக்குறை என்பீர்களானால், அந்தத் தொகுதியின் 1900 வரையிலான பக்கங்களைத் தட்டச்சு செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன். மென்பொருளை வாசிக்கவிட்டுப் பிழை பார்ப்பதாக மாமியாரும் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஆர்கன் இசைஞர் ஒருவரின் குடும்பத்துக்கு வந்த மருமகள்